மழுங்கிய நட்

அறுகோண நட்டின் மூலைகள் தேய்ந்து, ஸ்பேனர் பிடிக்காமல் வழுக்கிச் சுற்றும் நிலைக்கு வந்துவிட்டால் அது மழுங்கிய நட். எந்த நட்டும் தானாக மழுங்குவதில்லை. கழல மறுக்கும் நட்டை, அளவு சரியில்லாத ஸ்பேனரால், வேண்டியதற்கு மேல் பலம் கொடுத்துத் திருப்பும்போதுதான் மழுங்குகிறது. ஆகவே இங்கே இரண்டு சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே புரிகள் இறுகிக் கிடக்கின்றன. வெளியே பிடிக்க இடமில்லை. பிடி கிடைத்தால் போதும் என்று அவசரப்படுகிற கை, உள்ளே இறுகியிருப்பதை மறந்துவிடுகிறது. அப்போது நட்டோடு போல்ட்டும் முறிகிறது, சில வேளை போல்ட் ஏறியிருக்கும் வார்ப்பும் வெடிக்கிறது. நட்டின் விலை சில ரூபாய். வார்ப்பின் விலை ஒரு பருவத்து உழைப்பு. இந்த வேலையில் காப்பாற்ற வேண்டியது நட்டை அல்ல.

இந்தச் சிக்கல் வளர்வதற்கு அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தைவிடத் தோதான இடம் இலங்கையில் அதிகம் இராது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவிலுக்குப் போகும் ஏ4 வீதியின் ஒரு பக்கம் கடல்; மறுபக்கம் களப்பும் வயலும். கடற்கரையில் பைபர் போட்டுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள், வயலில் உழவு மெசின்களும் லேண்ட்மாஸ்டர்களும், வீதியில் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்து சேர்ந்த போட்டுகளும் எஞ்சின்களும் இந்தத் தொகையை இன்னும் கூட்டின. இத்தனை இயந்திரங்களின் நட்டுகளும் உப்புக் காற்றுப் படும் தூரத்திலேயே இருக்கின்றன.

காற்றோடு காலமும் சேர்கிறது. கிழக்குக் கரையில் சிறு போட்டுகள் நம்பிக் கடலுக்குப் போகும் காலம் ஏறத்தாழப் பங்குனி முதல் புரட்டாதி வரை. ஐப்பசியில் வாடைக் காற்று எழுந்து மாரி தொடங்கினால் போட்டுகள் கரையேறிவிடும். எஞ்சின்கள் கொட்டிலில் சாய்ந்து கிடக்கும். ஓடும் எஞ்சினின் நட்டைவிட ஓடாமல் கிடக்கும் எஞ்சினின் நட்டே அதிகம் இறுகுகிறது. கடற்காற்று எட்டாத குளிர்ப் பகுதிகளிலும் இதே கதைதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பொம்பார்டியே நிறுவனம் 1959இல் ஸ்கீ-டூ என்ற பனி ஊர்தியை விற்பனைக்கு விட்டதிலிருந்து, அத்தகைய ஊர்திகள் பனிக்காலத்தில் ஓடி, கோடை முழுவதும் கொட்டகையில் கிடக்கின்றன. சூடான புகைக்குழாயில் உருகிய பனிநீர் பட்டுப் பட்டு, அங்குள்ள நட்டுகள் அடுத்த பருவத்தில் அசைய மறுக்கும். ஒன்று வாடையில் தூங்குகிறது, மற்றது வெயிலில் தூங்குகிறது. எழுப்பப் போகிறவருக்கு முன்னால் இருப்பது ஒரே வகை நட்.

கறள் எப்படி இவ்வளவு இறுக்கத்தை உண்டாக்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடற்காற்றில் மிதந்து வரும் நுண்துளிகள் உலோகத்தில் படிந்து காய்ந்ததும் உப்பு எஞ்சுகிறது. காய்ந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கூடவே இருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். கச்சான் காற்று வீசும் நாட்களில் பகலில் உலர்ந்ததுபோல் தெரியும் எஞ்சின், இரவில் ஒரு துளி மழை இல்லாமலே மறுபடி ஈரமாகிறது. அந்த ஈரம் வெறும் நீரல்ல, நல்ல மின்பகுபொருள். இரும்பு அதில் கரைகிறது.

நட்டுக்குள் நடப்பது வெளியில் நடப்பதைவிட மோசம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூ. ஆர். எவன்ஸ் 1920களில் இரும்புத் தகட்டின் மேல் ஓர் உப்புநீர்த் துளியை வைத்து இதைக் காட்டினார். ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கும் துளியின் விளிம்பு கதோட்டாகிறது. ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதி அனோட்டாகி அரிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் கறள் ஓரிடத்தில், உலோகம் கரைவது இன்னோர் இடத்தில். நட்டின் புரிகளுக்கிடையே புகுந்த உப்புநீருக்கு வெளிக்காற்று எட்டாது. அதனால் அந்த இடுக்கே அனோட்டாகிறது. வெளியே இலேசாகச் சிவந்திருக்கும் நட் உள்ளே முழுதாகக் கட்டிப்போயிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி கறளின் பருமன். கறள், தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றின் புரிக்கும் நட்டின் புரிக்கும் இடையே விடப்படும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டுமே. அதற்குள் உண்டாகும் கறள் போக வழியின்றி இரு பக்கமும் நெருக்குகிறது. நட்டை யாரும் முறுக்காமலே அது முறுக்கப்படுகிறது என்று சொன்னாலும் தவறில்லை.

வெளியிணைப்பு எஞ்சினில் இரும்பைவிட அலுமினியத்தின் தொல்லை பெரிது. எஞ்சினின் கால் அலுமினிய வார்ப்பு. அதில் ஏறியிருக்கும் போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரு உலோகங்களும் உப்புநீரில் தொடும்போது ஒரு மின்கலம் உருவாகி அலுமினியம் தேய்கிறது. ஸ்டெயின்லெஸ் அப்படியே இருக்கிறது. தேய்ந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் புரிகளை நிரப்பி இறுகிவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பின் இறப்பர்ச் சில்லை மாற்றுவதற்குக் காலின் கீழ்ப்பகுதியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சில்லு மலிவு, வேலையும் சிறிது. ஆனால் அதற்கு நடுவே நிற்கும் நாலைந்து போல்ட்டுகள் பல கராஜ்களில் ஒரு நாளை விழுங்கிவிடும். நட்டுக்குச் சொல்வதெல்லாம் இந்தப் போல்ட்டுகளின் அறுகோணத் தலைக்கும் பொருந்தும்.

நட்டை முறுக்கும்போது கை கொடுக்கும் பலம் எங்கே போகிறது என்பதைக் கணக்கிட்டவர்கள் சொல்லும் பங்கீடு வியப்பானது. ஏறத்தாழப் பாதி, நட்டின் அடிமுகம் உலோகத்தோடு உராய்வதில் செலவாகிறது. இன்னொரு 40 சதவீதம் புரிகளின் உராய்வுக்கு. மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து இறுக்கத்தைத் தருகிறது. கழற்றும்போது அந்த 10 சதவீதம் கைக்குத் துணையாக நிற்கும். மற்ற இரண்டும் எதிரிகள். இதில் கவனிக்க வேண்டியது அடிமுகம். எண்ணெய் விடுபவர்கள் போல்ட்டின் நுனியில், புரி தெரியும் இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எதிர்ப்பில் பாதி நட்டின் அடியில், வொஷர் தொடும் இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டும் போகவில்லை என்றால் வேலையில் பாதி தொடங்கவே இல்லை.

நட்டின் மூலை மழுங்குவதற்கு வடிவகணிதமே காரணம். ஓபன் ஸ்பேனர் நட்டை இரண்டு மூலைகளில் மட்டும் அழுத்துகிறது. 12 மில்லிமீட்டர் அறுகோணத்தில் அந்த அழுத்தம் செயல்படும் நெம்புதூரம் 3.5 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு ஒவ்வொரு மூலையிலும் விழும் சுமை சுமார் 440 கிலோகிராம் எடைக்குச் சமம். ஆறு மூலையையும் பிடிக்கும் அறுமுகச் சொக்கட் அதே வேலையைச் செய்யும்போது மூலைக்கு ஏறக்குறைய 147 கிலோதான். மூலை சற்றுத் தேய்ந்ததும் ஸ்பேனர் தொடும் புள்ளி பக்கத்தின் நடுவை நோக்கி நகர்கிறது. நெம்புதூரம் இன்னும் குறைகிறது. அதே முறுக்குக்கு இன்னும் கூடிய சுமை. அதனால் இன்னும் தேய்வு. முதல் வழுக்கலுக்கும் முழு மழுங்கலுக்கும் நடுவே ஸ்பேனரை இரண்டு மூன்று தடவை திருப்பும் அவகாசமே இருப்பது இதனால்தான். ஸ்பேனர் ஒரு முறை வழுக்கினால், அதே ஸ்பேனரை மறுபடி போடக்கூடாது.

பொருத்தம் சரியில்லாத ஸ்பேனர் இந்தப் பகுதியில் ஏன் இவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. திருகுப் புரிகளுக்கு ஒரு தரத்தை முதலில் முன்வைத்தவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வர்த், ஆண்டு 1841. பிரித்தானிய இயந்திரங்களோடு அங்குல அளவுகள் இலங்கைக்கு வந்தன. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை எழுந்து, அம்பாறை வயல்கள் விரிந்தபோது உழவுக்கு வந்த பெரிய மெசின்களும் அந்த வழியைச் சேர்ந்தவை. மாசி பெர்குசனின் பழைய மெசின்களில் பெரும்பாலான நட்டுகள் அங்குல அளவு. பின்னால் வந்த ஜப்பானிய லேண்ட்மாஸ்டர்களும் வெளியிணைப்பு எஞ்சின்களும் மில்லிமீட்டர். அதிலும் ஜப்பானிய வழக்கில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 அளவுத் தலை பரவலாக உண்டு. சர்வதேசத் தரத்தில் அதற்கு 13. ஒரே கராஜின் ஒரே தகரப் பெட்டியில் இந்த மூன்று குடும்பமும் கலந்து கிடக்கின்றன.

கலந்தால் என்ன ஆகும்? 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், 19 அளவு நட்டுக்கு அதைப் போட்டால் குற்றமில்லை. 9/16 அங்குலம் 14.29. அதை 14 நட்டில் போட்டால், மூலை தட்டுவதற்கு முன் ஸ்பேனர் 2 பாகைக்குச் சற்று மேல் வெறுமனே சுழலும். புதிய நட் அதைத் தாங்கும், கறள் தின்றது தாங்காது. அரை அங்குல ஸ்பேனரை 12 நட்டில் போட்டாலோ வெற்றுச் சுழற்சி 6 பாகையைத் தாண்டிவிடும். அப்போது ஸ்பேனர் பக்கத்தைத் தொடுவதே இல்லை, கூரிய மூலையின் நுனியை மட்டும் தொடுகிறது. இந்த ஒரு சோடி கெடுத்த நட்டுகளுக்குக் கணக்கிருக்காது.

இனிக் கழற்றும் முறைக்கு வரலாம். தொடங்குமுன் திசை நிச்சயமாக இருக்க வேண்டும். பெரும்பாலான நட்டுகள் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். ஆனால் சைக்கிளின் இடப்பக்கப் பெடலைப்போல் மறுபக்கப் புரி கொண்டவையும் இருக்கின்றன. அந்த வகை நட்டைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கி மழுக்கியவர்கள் குறைவல்ல. அடுத்தது கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் புரியைச் சுத்தம் செய்வது. நட் கழன்று வரப்போகும் பாதையில் கறளும் பெயின்ற்றும் அப்பியிருந்தால், இறுக்கம் விட்ட நட்கூட நடுவழியில் மாட்டிக்கொள்ளும்.

பிறகு எண்ணெய். நட்டின் இடுக்குக்குள் திரவத்தை இழுப்பது மயிர்த்துளைத் தன்மை. எவ்வளவு ஆழம் போகும் என்பது பரப்பிழுவிசையையும் பாகுத்தன்மையையும் பொறுத்தது. தடித்த எஞ்சின் ஒயில் நல்ல மசகு, ஆனால் இடுக்கில் ஏறாது. மண்ணெண்ணெயின் பாகுத்தன்மை அதில் நூறில் ஒரு பங்கு அளவில்தான், அது ஏறும். வெளியிணைப்பு எஞ்சின்களில் பல, பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆகவே கடற்கரையில் அதற்குப் பஞ்சம் இல்லாத நாட்களில் கைக்கு எட்டிய இடத்திலேயே இருக்கும். அதன் குறை, ஏறிய வேகத்திலேயே ஆவியாகி, உராய்வைக் குறைக்க எதையும் விட்டுவைக்காமல் போவது. கொஞ்சம் மெல்லிய கியர் ஒயிலைக் கலந்தால் மண்ணெண்ணெய் வழிகாட்டி உள்ளே கொண்டுபோகும், ஒயில் அங்கே தங்கும். கடைகளில் டப்பாவில் கிடைக்கும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உலோகத்திலிருந்து நீரை விலக்குவதற்காகச் செய்யப்பட்டது. ஈரத்தை விரட்ட அது நல்லது. ஊடுருவுவதற்கென்றே செய்த திரவங்கள் இந்த வேலைக்கு அதைவிட மேல்.

எதை விட்டாலும் காத்திருக்க வேண்டும். எட்வர்ட் வாஷ்பர்ன் 1921இல் வகுத்த சமன்பாட்டின்படி, நுண்ணிடுக்கில் திரவம் போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். அரை மணியில் 2 மில்லிமீட்டர் போனால், 4 மில்லிமீட்டர் போக இரண்டு மணி, 6 மில்லிமீட்டர் போக நாலரை மணி. 8 மில்லிமீட்டர் போல்ட்டின் நட் ஏறத்தாழ ஆறரை மில்லிமீட்டர் தடிப்பு. கறள் அடைத்த இடுக்கில் வேகம் இன்னும் குறையும். மாலையில் விட்டு, காலையில் தொடுவது என்ற கராஜ் வழக்கத்துக்கு இதுவே கணக்கு. இடையில் ஒரு தரம் மறுபடி விட்டால் நல்லது. நட்டின் மேற்புறத்தோடு நிறுத்தாமல் அடிமுகத்தையும் நனைக்க வேண்டும். போட்டைச் சாய்க்கவோ எஞ்சினைத் திருப்பிக் கிடத்தவோ நேர்ந்தாலும் அந்தச் சிரமம் வீண்போகாது.

ஊறிய நட்டுக்கு அடுத்துத் தேவை அதிர்வு, பலமல்ல. நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். இரண்டு இரும்புக்கும் நடுவே நசுங்கும் நட், ஒரு கணம் விரிந்து சுருங்கும்போது கறள் நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் எண்ணெய் புகும். சுற்றிச் சுற்றி ஆறு பக்கமும் இப்படித் தட்டுவது அலுப்பான வேலை. ஆனால் பலருக்கு நட் கழன்றது இந்த இடத்தில்தான். அலுமினியக் காலில் ஏறிய போல்ட்டாக இருந்தால் பக்கத்தில் தட்டக்கூடாது, தலைமேல் நேராக, அளவாகத் தட்ட வேண்டும். வார்ப்பு அலுமினியம் அடியைத் தாங்காது.

வெப்பம் இன்னொரு வழி. உருக்கு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் மில்லியனில் 12 பங்கு விரிகிறது, ஸ்டெயின்லெஸ் 17, அலுமினியம் 23. 10 மில்லிமீட்டர் நட்டை மட்டும் 200 பாகை சூடாக்கினால் அதன் துளை 0.024 மில்லிமீட்டர் விரியும். புரியின் இடைவெளியே அந்த அளவுதான் என்பதால் இது சிறிதல்ல. சூடு நட்டுக்குப் போக வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. ஆகவே சுடர் குறுகலாகவும் வேலை விரைவாகவும் இருக்க வேண்டும். சூடேறி ஆறும் நட்டில் மெழுகுதிரியைத் தொட்டால், உருகிய மெழுகு இடுக்குக்குள் இழுபடும். உறைந்தாலும் அது மசகே.

அலுமினியத்தில் சுடர் பிடிப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. உருக்கு சூடேறும்போது சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து, 660 பாகையில் சட்டென்று உருகி விழும். அதற்கு வெகு முன்பே அதன் வலிமை போய்விடும். அருகிலுள்ள இறப்பர் சீல்களும் கருகிவிடும். எஞ்சின் காலில் இறுகிய போல்ட்டுக்குக் கொதிநீரே போதுமான தொடக்கம். ஒரு கேத்தல் கொதிநீரை வார்ப்பின்மேல் மெல்ல ஊற்றினால், அலுமினியம் ஸ்டெயின்லெஸைவிட அதிகம் விரிவதால், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் துளை சற்று அகலும். 70 பாகை உயர்வில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குக் கிடைப்பது 0.003 மில்லிமீட்டர்தான், ஆனால் உள்ளே அடைத்திருக்கும் வெள்ளைப் பொடி உடைய அது உதவும். சூடாக்கி ஆற்றி, சூடாக்கி ஆற்றி, இடையிடையே எண்ணெய் விடுவது ஒரே மூச்சில் கொளுத்துவதைவிட நல்ல பலன் தரும். சுடர்தான் வேண்டுமென்றால் எஞ்சினைப் போட்டிலிருந்து இறக்கி, எரிபொருள் தாங்கியை விலக்கி, விட்ட மண்ணெண்ணெயைத் துடைத்த பிறகே. பைபர் போட்டின் பிசினும் பெற்றோல் ஆவியும் தீக்கு அருகே இருக்கத் தகாதவை.

இவ்வளவும் செய்த பின்னரே பிடியைப் பற்றி நினைக்க வேண்டும். மூலை பாதி மிஞ்சியிருந்தால் அளவில் ஒரு படி சிறிய சொக்கட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கலாம். இங்கே அந்தப் பழைய அங்குலச் செட் பிராயச்சித்தம் செய்துகொள்கிறது: 13 நட்டுக்கு அரை அங்குலம், அதாவது 12.7, 10 நட்டுக்கு 3/8 அங்குலம், அதாவது 9.53. பன்னிரண்டு மூலைச் சொக்கட்டின் பற்கள் மிச்சமிருக்கும் உலோகத்தில் புதுத் தடம் பதித்து இறங்கும். சொக்கட் பிறகு வேறு வேலைக்கு உதவாமல் போகலாம். அரம் இருந்தால் இன்னொரு வழி: எதிரெதிரான இரு பக்கங்களைத் தலா அரை மில்லிமீட்டர் தேய்த்து 13ஐ 12 ஆக்கி, 12 ஸ்பேனரை இறுக்கமாக ஏற்றுவது. இடம் நெருக்கமான எஞ்சினுக்குள் அரம் போகாது. திறந்த இடத்தில் இதைவிடச் சுத்தமான முறை இல்லை.

பூட்டிக்கொள்ளும் குறடு, அதாவது வைஸ் கிரிப், நெப்ராஸ்கா மாநிலத்தின் டிவிட் ஊரில் கொல்லராக இருந்த டென்மார்க்காரர் வில்லியம் பீட்டர்சன் 1920களில் கண்டுபிடித்தது. கைப்பிடியில் உள்ள திருகு தாடையின் அகலத்தை நிர்ணயிக்கும். நெம்புகோல் நேர்கோட்டைத் தாண்டியதும் தாடை பூட்டிக்கொள்ளும். பெரும்பாலானோர் தாடை எட்டியதும் பூட்டிவிடுகிறார்கள். பூட்டுவதற்கு இரு கையும் தேவைப்படும் அளவுக்குத் திருகை இறுக்கினால்தான் அது கடிக்கும். திருப்பும்போது முதலில் சற்றே வலஞ்சுழியாக, இறுக்கும் பக்கம், ஒரு மயிரிழை, பிறகு இடஞ்சுழியாக. எந்தத் திசையிலானாலும் முதல் அசைவுதான் கறளை உடைக்கிறது. அசைந்த நட்டை ஒரே மூச்சில் சுழற்றிக் கழற்றவும் கூடாது: கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி வெளியே. உடைந்த கறள் தூள் புரிக்குள் அரைபட்டு மீண்டும் பூட்டிவிடாமல் இது காக்கும்.

ஸ்பேனரின் வாலில் குழாய் மாட்டி நீட்டுவதைப் பற்றி ஒரு கணக்கு. 8.8 தர 8 மில்லிமீட்டர் போல்ட் ஏறத்தாழ 33 நியூட்டன் மீட்டரிலேயே முறியத் தொடங்கலாம். 17 சென்ரிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 30 கிலோ அளவு இழுத்தாலே 50 ஆகிவிடும். 60 சென்ரிமீட்டர் குழாய் மாட்டினால் 180. குழாய் என்பது உழவு மெசினின் சக்கர நட்டுக்கு உரியது. 8 மில்லிமீட்டர் போல்ட்டில் குழாய் மாட்டுகிறவர் கழற்றவில்லை, முறிக்கிறார். கையில் இறப்பரைத் திருப்புவதுபோன்ற மென்மை தெரிந்தால் அது நட் இளகுவதல்ல, போல்ட் முறுகுவது. அங்கே நிறுத்தி எண்ணெய்க்கும் சூட்டுக்கும் திரும்ப வேண்டும்.

பிடி எதுவும் நிற்காத அளவுக்கு உருண்டுபோன நட்டுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றிலும் நட் மிஞ்சாது. கூரிய உளியை நட்டின் விளிம்பருகே நேராக வைத்து ஒரு வெட்டுப் பதித்து, பிறகு உளியைச் சாய்த்து இடஞ்சுழித் திசையில் அடித்தால், திருப்பமும் அதிர்வும் ஒரே அடியில் கிடைக்கும். பழைய கொல்லர் முறை, இன்றும் தோற்பது அரிது. இரண்டாவது, நட்டைப் பிளப்பது. போல்ட்டின் புரியைத் தொடாத அளவுக்கு ஒரு பக்கத்தை வாளாலோ கிரைண்டராலோ அறுத்து, மிச்சமிருக்கும் மெல்லிய சுவரில் உளியை வைத்துத் தட்டினால் நட் வாய்பிளக்கும். பிளந்த கணமே புரியின் மீதிருந்த நெருக்கம் முழுதும் போய்விடும். மூன்றாவது, மழுங்கிய நட்டின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்ளுக்குள் வெல்டிங் செய்வது. புதிய அறுகோணம் கிடைப்பதோடு, வெல்டிங்கின் கடும் சூடு உள்ளே கறளையும் உடைத்துவிடுகிறது. ஊறப்போட்டும் தட்டியும் அசையாதது, வெல்டிங் ஆறியதும் வெறும் ஸ்பேனருக்கு இணங்குவது இதனால்தான். உருக்கின் வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பது எஞ்சின் காலில் ஒரு வசதி. ஆனால் வெல்டிங்குக்கு முன் எஞ்சினின் மின் இணைப்புகளைக் கழற்றாவிட்டால் தீப்பொறிப் பெட்டி போய்விடும். இந்த மூன்றிலும் உலோகச் சில்லு பறக்கும்; கண்ணாடி போடாமல் செய்யும் வேலையல்ல.

ஸ்டெயின்லெஸ் நட், ஸ்டெயின்லெஸ் போல்ட் என்ற சேர்க்கை தனி இனம். அங்கே கறளே இருக்காது. பளபளவென்று இருக்கும் நட் நடுப்புரியில் திடீரென்று நின்றுவிடும். ஸ்டெயின்லெஸைக் காக்கும் மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம் உராய்ந்து கிழிய, வெற்று உலோகம் வெற்று உலோகத்தோடு அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. வேகமாகச் சுழற்றினால் இது இன்னும் விரைவில் நடக்கும். எண்ணெய்க்குக் கரைக்க எதுவும் இல்லை. சூட்டுக்கும் உடைக்க எதுவும் இல்லை. இதை உணர்ந்ததும் அறுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

போல்ட் முறிந்து துளைக்குள் தங்கிவிட்டால் மீட்பு வேறு. முறிந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, சரியான நடுவில் குறி அடித்து, இடஞ்சுழித் துளையாணியால் துளைக்க வேண்டும். அந்தத் துளையாணி வெட்டும் திசையும் போல்ட் கழலும் திசையும் ஒன்று. பல வேளை துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வரும். துளையில் இறக்கித் திருப்பும் கூம்புக் கருவியை அவசரப்பட்டுப் போடக்கூடாது. மிகக் கடினமான உருக்கு அது. உள்ளே முறிந்தால் எந்தத் துளையாணிக்கும் மசியாது. புரி கெட்டுப்போன அலுமினியத் துளையை ஒரு அளவு பெரிதாக்கிப் புதுப் புரி வெட்டி, கம்பிச் சுருள் உறை ஒன்றை இறக்கினால் பழைய அளவுப் போல்ட்டே மறுபடி ஏறும். உறை ஸ்டெயின்லெஸ் என்பதால் அந்த இடம் முன்னைவிட உறுதி.

கழன்ற பிறகு அதே நட்டை மறுபடி போடுவது, மழுங்கியதையே அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பது. புது நட், புது வொஷர். புரிகளைத் தூரிகையால் துடைத்து, போல்ட்டைக் கையால் முழுதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கை போகாத இடத்தில் ஸ்பேனர் போகக்கூடாது. புரியிலும் நட்டின் அடிமுகத்திலும் நீர் தாங்கும் கிரீஸ் பூச வேண்டும். செம்புத் தூள் கலந்த பூச்சு உருக்குக்கு நல்லது, கடல்நீர் படும் அலுமினியத்துக்கு ஆகாது. செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அங்கே இன்னொரு மின்கலம். கிரீஸ் பூசிய புரியில் உராய்வு குறைவதால், உலர்ந்த புரிக்கென்று சொல்லப்பட்ட முறுக்கில் ஏறத்தாழக் கால்வாசியைக் குறைத்தே இறுக்க வேண்டும். அல்லாவிட்டால் அதே கைப்பலம் போல்ட்டை அதிகமாக இழுத்துவிடும். எஞ்சின் காலில் பொருத்தியிருக்கும் நாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்குப் பதிலாக அரிபட்டுத் தீர்வதற்கென்றே அது அங்கே இருக்கிறது. அதன்மேல் பெயின்ற் அடித்தால் அந்தப் பயன் போய்விடும். ஒவ்வொரு நாளும் கரையேறியதும் நன்னீரில் கழுவுவதும், வாடைக்கு எஞ்சினைக் கொட்டிலில் வைக்குமுன் முக்கியமான நட்டுகளை ஒரு தடவை இளக்கி, கிரீஸிட்டு, மறுபடி இறுக்குவதும் பங்குனியில் செய்ய வேண்டிய வேலையைப் பாதியாக்கும்.